மூன்று புலி, பதினைந்து ஆடு!
சமமில்லாத படையை வைத்தும் நியாயமான ஆட்டம் ஆடலாம்

பண்டிகைக்கு லட்டு பிடிக்கிறோம். வீட்டில் ஆறு குழந்தைகள் இருக்கிறார்கள். ஆளுக்கு இரண்டு என்று எண்ணிக் கொடுக்கிறோம். ஒருவனுக்கு மூன்று போனால் வீடு இரண்டுபடும். லட்டு விஷயத்தில் சமம்தான் நியாயம்.

விளையாட்டிலும் அப்படித்தானா?

"ஆமாம்" என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த நினைப்பு பொய்த்துப் போயிற்று.

தீப்பெட்டி டாங்கிகள்

என் அக்காள் பிள்ளைகளும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுமாக ஆறு பேர் கூடியிருந்தார்கள். மூத்தவனுக்கு வயது 15. எல்லோருக்கும் இளையவள் என் அக்காள் மகள். அவளுக்கு வயது 9.

"மாமா, ஏதாவது புது விளையாட்டுச் சொல்லிக் கொடுங்கள்" என்றார்கள்.

கூடத்துத் தரையில் சாக்கட்டியால் ஒரு போர்க்களம் வரைந்தேன். காலித் தீப்பெட்டிகள்தான் டாங்கிகள். ஒரு பகடை எடுத்துக்கொண்டேன். பெரியவர்கள் மூன்று பேர் ஒரு கட்சி. சிறியவர்கள் மூன்று பேர் எதிர்க்கட்சி. ஆளுக்கு மூன்று டாங்கி. ஒன்பதுக்கு ஒன்பது. எதிரியின் டாங்கிகளை எல்லாம் அழிப்பவர் வென்றவர்.

எவ்வளவு நியாயம்! எவ்வளவு சமம்!

கால் மணி நேரத்தில் ஆட்டம் முடிந்துவிட்டது. பெரியவர்கள் ஒன்றுகூடி, ஒவ்வொரு டாங்கியாகச் சுற்றி வளைத்து அடித்தார்கள். இரண்டாவது சுற்றிலேயே சின்னவளின் மூன்று டாங்கிகளும் போயின. அதற்குப் பிறகு அவளுக்கு வேலை இல்லை. சிறிது நேரம் வேடிக்கை பார்த்தாள். பிறகு எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். கூப்பிட்டதற்கு, "நான் வரவில்லை" என்று அங்கிருந்தே பதில் வந்தது.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் சமாதானப்படுத்தியிருக்கலாம். "இந்த ஆட்டத்தில் எனக்கு இடம் இல்லை" என்று அவள் முடிவு செய்துவிட்டாள். அதுதான் எனக்கு உறைத்தது.

அம்மா கேட்ட கேள்வி

முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த என் தாயார் இதை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏண்டா, புலிக்கும் ஆட்டுக்கும் ஒரே கணக்கா வைப்பார்கள்?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது.

ஆடுபுலி ஆட்டம் நம் ஊர்த் திண்ணைகளிலும் கோயில் மண்டபக் கல்தரைகளிலும் ஆடிய ஆட்டம். புலி மூன்று. ஆடு பதினைந்து. மூன்றும் பதினைந்தும் எப்படிச் சமமாகும்?

ஆனால் அந்த ஆட்டத்தை அநியாயம் என்று யாரும் சொன்னதில்லை. ஏன்?

புலிக்கு ஒரு வேலை. ஆட்டுக்கு வேறு வேலை. புலி தாண்டிக் குதித்து ஆட்டை வெட்ட வேண்டும். ஆடு புலியை வெட்ட வேண்டியதில்லை, வெட்டவும் முடியாது. புலி நகர முடியாதபடி வழியை அடைத்தால் போதும். ஆடு வென்றுவிடும்.

சமமில்லாத இருவருக்கு ஒரே வேலையைக் கொடுத்துவிட்டு, "இருவருக்கும் ஒரே சட்டம்" என்று பேசுவது சுலபம். அவரவர் பலத்துக்கு ஏற்ற வேலையைக் கொடுப்பதுதான் நியாயம். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

அசல் உத்தர்

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு உண்மையிலேயே நடந்த ஒரு டாங்கிப் போரை எடுத்துக்கொண்டேன்.

1965-ஆம் ஆண்டு, இந்திய-பாகிஸ்தான் போர். பஞ்சாப் எல்லையில் கேம் கரண் என்ற ஊர். அதன் அருகே அசல் உத்தர் என்ற கிராமம். செப்டம்பர் 8 முதல் 10 வரை அங்கே பெரிய டாங்கிப் போர் நடந்தது.

பாகிஸ்தானின் முதலாவது கவசப் படைப்பிரிவு உள்ளே வந்தது. அதனிடம் இருந்தவை அமெரிக்கத் தயாரிப்பான பேட்டன் டாங்கிகள். அந்தக் காலத்தில் அவை புதியவை. கனமான கவசம் கொண்டவை. எண்ணிக்கையிலும் அந்தப் பக்கமே அதிகம்.

இந்தியப் பக்கம் மேஜர் ஜெனரல் குர்பக்ஷ் சிங் தலைமையில் நான்காவது மலைப் படைப்பிரிவு இருந்தது. அதற்குத் துணையாகப் பிரிகேடியர் தியோகராஜ் தலைமையில் ஒரு டாங்கிப் படை. அதில் பிரிட்டிஷ் தயாரிப்பான செஞ்சூரியன் டாங்கிகள் இருந்தன. இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஷெர்மன் டாங்கிகளும், பிரெஞ்சு நாட்டு இலேசான ஏ.எம்.எக்ஸ். டாங்கிகளும் இருந்தன.

முதல் நாள் இந்தியப் படை பின்வாங்கியது. கேம் கரண் கைவிட்டுப் போயிற்று.

பிறகு என்ன செய்தார்கள்?

நேருக்கு நேர் முட்டவில்லை. குதிரை லாட வடிவில் மூன்று பக்கமும் டாங்கிகளையும் பீரங்கிகளையும் நிறுத்தினார்கள். உயர்ந்து வளர்ந்திருந்த கரும்புப் பயிருக்குள் மறைந்தார்கள். வாய்க்காலை வெட்டி வயல்களில் தண்ணீரைப் பாய்ச்சினார்கள். முன்னேறி வந்த பேட்டன்கள் சேற்றில் சிக்கின. திரும்ப முயன்றபோது பக்கவாட்டைக் காட்டின. அடி அங்கே விழுந்தது.

இந்தப் போரில் பாகிஸ்தான் 97 டாங்கிகளை இழந்தது என்பது இந்தியத் தரப்புக் கணக்கு. பிடிபட்ட பேட்டன்களைப் பிக்கிவிண்டு என்ற இடத்தில் வரிசையாக நிறுத்தி வைத்தார்கள். அந்த இடத்துக்கே "பேட்டன் நகர்" என்று பெயர் வந்துவிட்டது.

எண்ணிக்கையில் குறைந்தவர்கள் எதிரியை எல்லாம் அழித்துவிட வேண்டும் என்று புறப்படவில்லை. வழியை அடைத்தார்கள். ஆடுபுலி ஆட்டத்தில் ஆடு செய்கிற அதே வேலை!

ஆட்டத்தை அமைத்த விதம்

நீங்களும் உங்கள் வீட்டில் ஆடிப் பார்க்கலாம். செலவு கிடையாது.

எட்டடி நீளம், ஆறடி அகலம் உள்ள தரை போதும். நீளவாக்கில் ஒரு சாலை வரையுங்கள். இருபுறமும் கரும்புத் தோட்டங்கள் வரையுங்கள். கடைசியில் குறுக்கே ஒரு கோடு.

கட்சிகளுக்குச் சிவப்பு, நீலம் என்று பெயர் வையுங்கள். நாட்டின் பெயர் வேண்டாம். யாராவது ஒருவர் எதிரியாக இருந்துதானே தீர வேண்டும்? அந்தக் குழந்தையைப் பிறகு யாரும் கேலி செய்யக்கூடாது. இது என் சொந்த யோசனை அல்ல. 1824-இல் பிரஷ்ய நாட்டு இராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் தம் போர் விளையாட்டை இராணுவத்துக்குக் கொடுத்தபோதே சிவப்புக் கட்டை, நீலக் கட்டை என்றுதான் வைத்தார். அவருடைய ஆட்டத்தில் பகடை உண்டு, நடுவரும் உண்டு.

சிவப்புக்கு 12 டாங்கிகள். மூன்று பேருக்கு ஆளுக்கு மூன்று. மிச்சம் மூன்று கையிருப்பு. யார் முதலில் எல்லாவற்றையும் இழக்கிறாரோ, அவருக்கு அந்தக் கையிருப்பு.

நீலத்துக்கு அதில் பாதிதான். இரண்டு பேருக்கு ஆளுக்கு இரண்டு டாங்கி. மூன்றாம் ஆளுக்கு டாங்கியே கிடையாது. பீரங்கி பொருத்திய ஜீப் இரண்டு. அதிலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் களத்தில் இருக்கலாம். முதல் ஜீப் போனால் அடுத்தது வரும்.

மொத்தம் எட்டுச் சுற்று. அதற்குள் சிவப்பின் நான்கு டாங்கிகள் கடைசிக் கோட்டைத் தாண்டினால் சிவப்புக்கு வெற்றி. தாண்டாவிட்டால் நீலத்துக்கு வெற்றி. நீலத்தில் ஒரு டாங்கிகூட மிஞ்சாமல் போகலாம், பரவாயில்லை. வழியை அடைத்தார்களா என்பதுதான் கேள்வி.

சாலையில் ஒரு சுற்றுக்கு இரண்டு சாண் போகலாம். வயலில் ஒரு சாண். நடுவரின் சாண்தான் கணக்கு. அவரவர் சாண் என்றால் அதற்கே ஒரு போர் நடக்கும்!

மூன்று சாண் தூரம் வரை சுடலாம். சிவப்பு டாங்கியை எதிரே நின்று சுட்டால் பகடையில் 6 விழுந்தால்தான் அழியும். பக்கத்திலிருந்தோ பின்னாலிருந்தோ சுட்டால் 4, 5, 6 எது விழுந்தாலும் அழியும். நீல டாங்கியை எந்தப் பக்கம் சுட்டாலும் 4, 5, 6. ஜீப்புக்கு 3 விழுந்தாலே போதும். அதற்குக் கவசம் இல்லை.

கண்ணை மறைத்தால்தான் சுவை

நீலக் கட்சி தன் டாங்கிகளைத் தரையில் வைக்காது. எங்கே ஒளித்திருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி நடுவரிடம் கொடுத்துவிடும். அது சுடும்போது அல்லது எதிரி ஒரு சாண் தூரத்துக்கு வந்துவிடும்போதுதான் தரைக்கு வரும். எந்தெந்த வயலில் தண்ணீர் நிற்கிறது என்பதும் நீலத்துக்கும் நடுவருக்கும் மட்டும் தெரியும். தண்ணீர் வயலில் இறங்கிய டாங்கி அங்கேயே நின்றுவிடும். சுடலாம், நகர முடியாது.

சிவப்புக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. அதன் மூன்று தளபதிகளும் ஆட்டத்தின்போது வாய் பேசக்கூடாது. சொல்ல வேண்டியதை ஐந்து சொல்லுக்குள் சீட்டில் எழுத வேண்டும். நடுவர் அதை எடுத்துப் போய்க் கொடுப்பார். அதுவும் அடுத்த சுற்றில்தான்.

இது எதற்கு என்று கேட்பீர்கள். பெரிய படைக்குப் பலமும் உண்டு, பலவீனமும் உண்டு. பெரிய படையை ஒரே தலை நடத்தினால் சிறிய படை நசுங்கிவிடும். மூன்று தலைகள் நடத்தினால் ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாது. உண்மைப் போரில் நடப்பதும் அதுதான். பலர் கூடி ஆடும் ஆட்டத்தில், எண்ணிக்கையைச் சரிக்கட்ட இதைவிட நல்ல வழியை நான் பார்க்கவில்லை.

இரண்டாம் உலகப் போரின்போது 1942-இல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் கடற்படை ஒரு பயிற்சிக்கூடம் நடத்தியது. கில்பர்ட் ராபர்ட்ஸ் என்ற அதிகாரி அதன் தலைவர். தரையில் சாக்கட்டிக் கோடுகள்தான் கடல். கப்பல் தலைவர்கள் திரைக்குப் பின்னால் நின்று, சிறு ஓட்டை வழியாக ஒரு பகுதியை மட்டும் பார்த்து ஆட வேண்டும். நீர்மூழ்கிக் கப்பலை எப்படி எதிர்ப்பது என்று அங்கே ஆடியே கற்றார்கள். ஆட்டத்தை நடத்தியவர்களில் பலர் கடற்படையில் பணி செய்த இளம்பெண்கள். அவர்களில் ஒருவரான ஜானெட் ஓக்கெல், அட்மிரல் மாக்ஸ் ஹார்ட்டனையே இந்த ஆட்டத்தில் தோற்கடித்தார். ஹார்ட்டன் யார்? தாமே நீர்மூழ்கிக் கப்பலில் பேர் வாங்கியவர்!

"பெண் பிள்ளைக்கு எதற்கு டாங்கி விளையாட்டு?" என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு பதில் போதும்.

ஒற்றை ஜீப்

மறுபடியும் ஆறு பேரும் உட்கார்ந்தார்கள். பெரியவர்கள் சிவப்பு, சிறியவர்கள் நீலம். சின்னவளைப் பாட்டிதான் கையைப் பிடித்து அழைத்து வந்து உட்கார வைத்தார்.

"எனக்கு ஒரே ஒரு ஜீப்பா?" என்று உதட்டைப் பிதுக்கினாள்.

"ஆமாம். ஆனால் அது எங்கே இருக்கிறது என்று உன் அண்ணன்களுக்குத் தெரியாது" என்றேன்.

அவள் முகம் மாறியது. தாளை மறைத்துக்கொண்டு எழுதினாள்.

முதல் சுற்று, இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று. அவள் சுடவில்லை. பக்கத்தில் இருந்தவன், "சுடு, சுடு" என்று முழங்கையால் இடித்தான். அவள் அசையவில்லை. நான்காம் சுற்றில் சாலை வழியே வந்த ஒரு டாங்கி அவளைத் தாண்டிப் போய்த் தன் பக்கத்தைக் காட்டியது. பகடையை உருட்டினாள். ஐந்து! அடுத்த சுற்றில் இன்னொன்று.

பிறகு அவள் ஜீப்பும் போயிற்று. இரண்டாவது ஜீப் வந்தது. அதற்குள் சிவப்புத் தளபதிகள் மூவரும் மூன்று விதமாகச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் சாலையை விட்டு வயலில் இறங்கினான். அங்கே தண்ணீர்!

எட்டாம் சுற்று முடிந்தது. கோட்டைத் தாண்டியவை மூன்று. நீலத்தில் மிஞ்சியது ஒரே டாங்கி. ஆனால் வெற்றி நீலத்துக்கு.

கட்சி மாற்றி ஆடுங்கள்

ஆட்டம் அதோடு முடியவில்லை. முடியவும் கூடாது. சமமில்லாத ஆட்டத்துக்கு ஒரு கட்டாய விதி உண்டு. கட்சி மாற்றி மறுபடியும் ஆட வேண்டும். இன்று புலியாக இருந்தவர் நாளை ஆடாக இருக்க வேண்டும்.

அடுத்த முறை பெரியவர்கள் நீலம் ஆனார்கள். தாண்ட விட்டது இரண்டே டாங்கிகள். சின்னவர்கள் மூன்றை விட்டார்கள். பெரியவர்கள் இரண்டை விட்டார்கள். ஒப்பிட்டுப் பார்த்தால் பெரியவர்களுக்கே வெற்றி.

அதனால் என்ன? முதல் நாள் ஆட்டத்தில் பெரியவர்கள் வென்றார்கள். சின்னவள் எழுந்து போனாள். இந்த முறையும் பெரியவர்கள்தான் வென்றார்கள். சின்னவள் எழுந்து போகவில்லை. "இன்னொரு தடவை" என்று சண்டைக்கு நின்றாள். இந்த வித்தியாசத்துக்காகத்தான் இவ்வளவு பாடும்.

நடுவராக இருக்கும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு கட்சியே தொடர்ந்து வென்றால் மற்றக் கட்சிக்கு டாங்கியைக் கூட்டாதீர்கள். சுற்றைக் குறையுங்கள், அல்லது கோட்டைத் தள்ளிப் போடுங்கள். பலவீனமான பிள்ளைக்கு இரக்கப்பட்டு இரண்டு டாங்கி கூடக் கொடுத்தால் அது பிச்சை. பிள்ளைக்கு அது உடனே தெரியும். செய்யக்கூடிய வேலையாகப் பார்த்துக் கொடுத்தால் அது மரியாதை. அதுவும் உடனே தெரியும்.

போரை விளையாட்டாக்கலாமா?

"குழந்தைகளுக்குப் போரையா சொல்லிக் கொடுப்பது?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி.

எச்.ஜி.வெல்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் பொம்மைச் சிப்பாய்களை வைத்துத் தரையில் ஆடும் போர் விளையாட்டைப் பற்றி 1913-இல் ஒரு புத்தகம் எழுதினார். விதிகளை எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் அவர் சொன்னது என்ன? உண்மைப் போரைவிடப் பொம்மைப் போர் எவ்வளவோ மேல் என்பதுதான். மறு ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது.

ஆட்டம் முடிந்ததும் சின்னவள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

"மாமா, நிஜமாகவே ஜீப்பில் ஒருத்தர் இருந்தாரா?"

இருந்தார். அவர் பெயர் அப்துல் ஹமீது. உத்தரப் பிரதேசத்தில் தாமுபூர் என்ற கிராமத்துக்காரர். தையல்காரர் வீட்டுப் பிள்ளை. இராணுவத்தில் ஹவில்தார். ஜீப்பில் பொருத்திய பீரங்கியால் பேட்டன் டாங்கிகளை அடுத்தடுத்து அடித்தார். இடம் மாறி மாறி அடித்தார். செப்டம்பர் 10 அன்று எதிரி டாங்கியின் குண்டுக்குப் பலியானார். நாட்டின் மிக உயர்ந்த வீர விருதான பரம வீர் சக்கரம் அவர் மறைவுக்குப் பிறகு வழங்கப்பட்டது.

"அவருக்கு இரண்டாவது ஜீப் வரவில்லையா?" என்று கேட்டாள்.

"இல்லை அம்மா. நிஜத்தில் அது வராது" என்றேன்.

கூடத்தில் யாரும் பேசவில்லை. எரிந்த பேட்டன்களுக்குள்ளும் யாரோ ஒரு தாய் பெற்ற பிள்ளைகள்தான் இருந்தார்கள் என்று மூத்தவனிடம் சொன்னேன். அவன் தன் சிவப்புத் தீப்பெட்டிகளைப் பொறுக்கி அடுக்கினான்.

போரைப் பற்றிக் குழந்தைகளுக்குச் சொல்லாமலே இருந்தால், அது வேடிக்கை என்று சினிமா சொல்லிக் கொடுத்துவிடும். உட்கார வைத்து, ஆட வைத்து, உண்மையையும் சொன்னால் அவர்களே புரிந்துகொள்வார்கள்.

உங்கள் வீட்டிலும் ஒரு குழந்தை இருக்கும். எல்லா ஆட்டத்திலும் முதலில் தோற்று, சொல்லாமல் எழுந்து போகும் குழந்தை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தரையில் ஒரு கோடு போடுங்கள். அந்தக் குழந்தையின் கையில் ஒரு ஜீப்பைக் கொடுங்கள். "இந்த வழியை நீதான் காக்க வேண்டும்" என்று சொல்லுங்கள்.

காத்தாலும் சரி, காக்க முடியாமல் போனாலும் சரி, எழுந்து போகாது.